கதைப் புத்தகத்தால் அறிவியல் நகர்ந்திருக்கிறதா? அத்தானை மடக்க ஒரு உதாரணம் வேண்டும்

நங்கநல்லூர்_வாசகன்:
வணக்கம் மக்களே. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா பெண்ணுக்கு நந்தனம் புத்தகக் காட்சியில் நான்கைந்து அறிவியல் புனைகதைகள் வாங்கிக் கொடுத்தேன், அதில் ஆரம்பித்தது வம்பு. நீட் கோச்சிங் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார் அத்தான். எனக்கு இந்தப் பைத்தியம் எண்பதுகளில் பிடித்தது. விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். ஜீனோ நாய் பேச ஆரம்பிக்கும்போது பக்கத்தைத் திருப்பினால் பாதி ஜோக்கும் பாதி பற்பொடி விளம்பரமும் இருக்கும். அதைப் படித்து வளர்ந்தவன் சும்மா இருப்பேனா? ராபர்ட் கோடார்ட் பதினாறு வயதில் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்புக் கதையைப் படித்துக் கிறங்கிப்போனவர், அவர்தான் 1926-ல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார் என்று எடுத்துவிட்டேன். அத்தான் அசரவில்லை. "அவர் காபியும்தான் குடிச்சிருப்பார் மாப்ளே, காபியாலதான் ராக்கெட் பறந்துச்சுன்னு சொல்வியா?"

எரிச்சலாக இருந்தாலும் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. விஞ்ஞானி சின்ன வயதில் ஏதோ கதை படித்தார் என்கிற ரகம் வேண்டாம். அந்தக் கதை இல்லாவிட்டால் அந்த வேலையே நடந்திருக்காது, அல்லது வேறு மாதிரி நடந்திருக்கும் என்று காட்டுகிற உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

தரமணி_டீக்கடை:
இயற்பியலாளர் லியோ சிலார்டைச் சொல்லுங்கள் சார். வெல்ஸ் 1914-ல் எழுதிய ஒரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரோடேயே ஒரு குண்டு வருகிறது. சிலார்ட் அதைப் படித்தது 1932-ல். அடுத்த வருடம் லண்டனில் சவுத்தாம்ப்டன் ரோ பக்கம் சாலையைக் கடக்கும்போது, ஒரு நியூட்ரான் அணுக்கருவில் போய் மோதி இரண்டு நியூட்ரான் வெளியே வந்தால் இது நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமே என்று அவருக்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள். அணுக்கருப் பிளவு கண்டுபிடிக்கப்பட்டதே 1938 கடைசியில்தான் என்பதை வைத்துப் பாருங்கள். இந்தத் தொடர்வினை யோசனை வெல்ஸ் கொடுத்தது இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அப்புறம் அவர் செய்த காரியம்தான் உங்களுக்குத் தேவை. 1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை வசம் அதை ஒப்படைத்துவிட்டார். இது எங்கே போய் முடியும் என்று வெல்ஸைப் படித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கதை அவருக்குக் கொடுத்தது பயம். அந்தப் பயம் இல்லையென்றால் ஆராய்ச்சிக் கட்டுரையாகப் போட்டுப் பெயர் வாங்கிக்கொண்டு போயிருப்பார், ஜெர்மனியிலும் படித்திருப்பார்கள்.

மாம்பலம்_மெக்கானிக்கல்:
நானும் சின்ன வயதிலிருந்து படிக்கிறவன்தான், ஆனால் நம் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு, பலித்ததை மட்டும் எண்ணுவோம். செயற்கைக்கோள் என்றவுடன் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் 1945-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதியது கதையே இல்லை, தொழில்நுட்பக் கட்டுரை. அதிலும் மேலே ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற நிலையங்களைத்தான் நினைத்தார். சுஜாதாவையும் வாக்குப்பதிவு இயந்திரத்தையும் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அது அவர் பார்த்த வேலை. கதை எழுதியதால் மெஷின் வரவில்லை, மெஷின் தெரிந்ததால் கதை நன்றாக வந்தது, அவ்வளவுதான். சிலார்ட் விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ராயப்பேட்டை_டீச்சர்:
தம்பி, உங்கள் அத்தான் கேட்கிற மாதிரியே ஒன்று இருக்கிறது. வானியலாளர் கார்ல் சேகன் 1985-ல் வெளியான தன் நாவலில் கதாநாயகியைக் கருந்துளை வழியாக வேகா நட்சத்திரத்துக்கு அனுப்ப நினைத்தார். இது சரியா என்று இயற்பியலாளரான நண்பர் கிப் தோர்னிடம் கேட்டார். தோர்ன், கருந்துளைக்குள் போனால் உயிரோடு வர முடியாது, புழுத்துளை (விண்வெளியில் தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்கு வழி) என்று மாற்று என்றார். சாதாரணமாகப் புழுத்துளை ஒளிகூடக் கடக்கும் முன்பே மூடிக்கொண்டுவிடும். அப்படியானால் அதைத் திறந்தே வைத்திருக்க என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார், எதிர்மறை ஆற்றல் கொண்ட ஏதோ ஒன்று வேண்டும் என்று வந்தது. மைக்கேல் மாரிஸ் என்ற மாணவரோடு 1988-ல் அதைக் கட்டுரையாக்கினார், அதுவும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' என்ற, பாடம் நடத்துகிறவர்கள் படிக்கிற இதழில். அதன் பிறகு எத்தனையோ பேர் அதில் இறங்கிவிட்டார்கள். இங்கே கேள்வியைப் போட்டதே நாவல்தான். தோர்னுக்கு 2017-ல் நோபல் கிடைத்தது ஈர்ப்பலைக்காக, இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் அத்தானிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாம்பலம்_மெக்கானிக்கல்:
டீச்சர் சொன்னது பலமான உதாரணம். புழுத்துளை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்று அத்தான் சொல்வார், சொல்லட்டும்.

என்னைக் கேட்டால் தப்பான கதைகளுக்குத்தான் பெருமை அதிகம் போக வேண்டும். ஜூல் வெர்ன் 1865-ல் ஆட்களைப் பீரங்கியில் வைத்து நிலாவுக்குச் சுட்டார். ராக்கெட் முன்னோடிகள் சியோல்கோவ்ஸ்கி, ஓபெர்த் இருவருமே வெர்ன் படித்து வளர்ந்தவர்கள், பீரங்கி உதவாது என்று தெரிந்துதான் ராக்கெட் பக்கம் போனார்கள். அந்தப் பெண்ணிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள், பிளஸ் ஒன் இயக்கச் சமன்பாடு போதும். பீரங்கி நீளம் சுமார் 270 மீட்டர், வெளியே வரும்போது வேகம் நொடிக்கு 11 கிலோமீட்டர். புவியீர்ப்பைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல் முடுக்கம் வரும், உள்ளே இருப்பவர்கள் சட்னிதான்.

நங்கநல்லூர்_வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. சிலார்ட் கதைக்கு அத்தான் கொஞ்சம் யோசித்தார், தோர்ன் கதைக்கு "சரி, ஒண்ணு ஒத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். பெண் கணக்கைப் போட்டுவிட்டு, அப்படியென்றால் ஆள் பிழைக்கப் பீரங்கி எவ்வளவு நீளம் வேண்டும் மாமா என்று கேட்டாள். மூன்று மடங்கு ஈர்ப்பு தாங்கும் என்று வைத்து அவளே போட்டதில் 2,000 கிலோமீட்டர் வருகிறது, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிற ரயில் பாதையை விடக் கொஞ்சம்தான் குறைவு. விடை சரியா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள், நான் பி.காம்.