லாகரிங் என்பதற்கு ‘தேறவைத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பீரை நொதித்த பிறகு குளிரில் வைத்துத் தெளியவைக்கும் ‘லாகரிங்’ முதலான பீர் செய்முறைச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். நடுவில் சிலர் புதிதாகச் சேர்ந்திருப்பதால் விஷயத்தை ஒருமுறை சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் மியூனிக் பக்கம் வேலையில் இருக்கிறான். சில வருடங்களாக வீட்டிலேயே பீர் செய்து வருகிறான். ஜெர்மனியில் 2024 முதல், சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரி கட்டாமல் செய்துகொள்ளலாம். வரப்போகிற இலையுதிர்காலத்திலிருந்து பனிக்காலம் முடியும் வரை எந்த மாதம் எதைச் செய்வது என்று திட்டம் போட்டு, அங்கிருக்கும் தமிழ் நண்பர்களுக்காக அதைச் சின்னக் கையேடாக எழுதுகிறான். “மாமா, பாதி ஜெர்மன், மீதி இங்கிலீஷ், ஊற்றவும் கலக்கவும் மட்டும்தான் தமிழ். நீங்கள்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்” என்று எனக்கு அனுப்பிவைத்தான். நம் பக்கம் இதை யாரும் வீட்டில் முயலக்கூடாது, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நமக்கு இதில் வேலை சொல்லோடு மட்டும்.

அவன் திட்டம் இப்படிப் போகிறது. அக்டோபரில் அவன் வீட்டு நிலவறை இன்னும் போதுமான அளவு குளிர்ந்திருக்காது, அதனால் முதலில் 18 முதல் 20 டிகிரியில் நொதிக்கும் கறுப்பு ஏல் என்ற பீர் வகை. நவம்பர் கடைசியில் நிலவறை 10 டிகிரிக்கு இறங்கியதும் லாகர் என்ற இன்னொரு வகை. ஏல் ஈஸ்ட் மிதமான சூட்டில் வேகமாக வேலை செய்யும், லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரிக் குளிரில் நிதானமாகச் செய்யும், அவ்வளவுதான் அடிப்படை. பனிக்காலத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 1553இல் பவேரியாவில் கோடைக்காலத்தில் பீர் செய்யக்கூடாது என்று ஆணையே போட்டார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. இன்றைய நம் காலண்டரில் பார்த்தால் புரட்டாசிப் பாதியிலிருந்து சித்திரை பத்து வரை. வெயிலில் செய்தது கெட்டுப்போனதுதான் காரணம். மார்ச்சில் கடைசியாகச் செய்து, குளிர்ந்த நிலவறையில் கோடை முழுக்க வைத்திருந்து, இலையுதிர்காலத்தில் எடுத்துக் குடிப்பதற்குத்தான் மார்சன் என்றே பெயர்.

இந்த ‘வைத்திருப்பது’தான் நம் சிக்கல். நொதித்து முடிந்த பிறகு பீரை 0 முதல் 4 டிகிரிக்குள் நான்கு, ஆறு வாரம் அசையாமல் வைக்கிறார்கள். மிதந்துகொண்டிருந்த ஈஸ்ட் மெல்ல அடியில் இறங்குகிறது. புரதமும் துவர்ப்புப் பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கலங்கலாக நிற்குமே, அதுவும் கனத்துப் படிகிறது. கந்தக வாடை போகிறது. கலங்கலாக இருந்தது வைக்கோல் நிறத்தில் கண்ணாடிபோல் ஆகிறது. இதற்குப் பெயர் லாகரிங், ஜெர்மன்காரர் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் இருப்பு வைப்பது, கிடங்கில் போடுவது.

இதற்கு வந்த பரிந்துரைகளில் ‘குளிர்பதன முதிர்விப்பு’ பொருளில் தவறில்லை. ஆனால் நிலவறையில் குளிருக்குக் கைவிறைக்கக் குடத்தை நகர்த்துகிறவன் வாயில் அது வராது. ‘குளிர்ச்சேமிப்பு’ ஜெர்மன் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டது, இங்கே படிப்பவருக்கு உருளைக்கிழங்குக் கிடங்குதான் ஞாபகம் வரும். ‘குளிர்க்கிடை’ எனக்கு முதலில் பிடித்திருந்தது, சின்னச் சொல். ஆனால் கிடை என்றால் ஆட்டுக்கிடை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த கொல்லையில் ஆட்டை மடக்குவது இன்னும் நடக்கிறது, அந்தச் சொல்லில் கைவைக்க மனம் வரவில்லை.

மூன்று சொல்லிலும் ஒரே குறை. எங்கே வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்று சொல்கின்றன. வைத்தால் என்ன ஆகிறது என்று சொல்லவில்லை. ஆவது என்ன? தேறுகிறது.

எனக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊர் பரதராமி. இந்தப் பக்கம் குடியாத்தம், கொஞ்சம் வடக்கே போனால் சித்தூர் மாவட்டம். சின்ன வயதில் ஐப்பசி மழைக்கு ஏரித் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். பாட்டி மண்குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை வைத்து, சந்தனம் இழைப்பது மாதிரி நாலு சுற்று இழைப்பாள். பிறகு தண்ணீரை ஊற்றி, மூடி, மூலையில் வைத்துவிடுவாள். யாரும் குடத்தை இடிக்கக்கூடாது. காலையில் பார்த்தால் மேலே பளிங்கு மாதிரி தண்ணீர், அடியில் இரண்டு விரல்கடை மண்டி. குடத்தைச் சாய்த்து, மண்டி எழும்புவதற்கு முன்னால் நிறுத்தி, வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்வாள். “தண்ணி தேறிடுச்சு, எடுத்துக்கோ” என்பாள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா அதே கொட்டையைச் சில்லகிஞ்ச என்பார், ஆனால் தெளிந்த தண்ணீரைச் சொல்லும்போது ‘தேரிந்தி’ என்பார். தெளிவுக்கு அவர்கள் சொல் ‘தேட்ட’, தெளிவான நல்ல தெலுங்கைத் தேட்டத் தெலுங்கு என்பது இதில்தான். அடியில் நிற்கிற மண்டிக்கு அவர்கள் ‘மட்டி’ என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வினை, ஒரே வேர், இன்றும் குடத்தடியில் உயிரோடு இருக்கிறது.

அக்கா மகன் போன மாதம் வீடியோவில் அவனுடைய கண்ணாடிக் குடுவையைக் காட்டினான். அடியில் வெளிறிய மஞ்சளாக ஒரு படிவு, மேலே கலங்கல், அதற்கும் மேலே ஓரங்குலம் தெளிவு, கோடு போட்ட மாதிரி. பாட்டியின் குடத்தை மண்ணுக்குப் பதில் கண்ணாடியில் செய்திருந்தால் இப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆக என் பரிந்துரை: செயலுக்குத் ‘தேறவைத்தல்’. அப்படித் தேறிய பீருக்குத் ‘தேறல்’. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். “இதை ஆறு வாரம் தேறவைக்கவும்.” “இன்னும் தேறவில்லை, பொறு.” “தேறலை இறுக்கும்போது மண்டியைக் கலக்காதே.” எங்கேயும் இடறவில்லை. கையேடு எழுதுகிறவனுக்கு வினை வேண்டும், ஏவல் வேண்டும், எதிர்மறை வேண்டும். ‘முதிர்விப்பு’ என்ற பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு “முதிர்விப்புச் செய்யப்படாமல் இருப்பின்” என்று எழுதினால் படிக்கிறவன் குளிரிலேயே உறைந்துவிடுவான்.

பாலக்காட்டிலிருந்து எழுதும் ஐயா இரண்டு மறுப்பு எழுப்பியிருந்தார். இரண்டும் நியாயமானவை. முதலாவது, சங்க இலக்கியத்தில் தேறல் என்பது தெளிந்த கள் எதற்கும் பொது, அதை ஒருவகை ஐரோப்பிய பீருக்கு ஒதுக்கலாமா? ஒதுக்கலாம் என்றே நினைக்கிறேன். பொன் என்பது ஒரு காலத்தில் உலோகம் எல்லாவற்றுக்கும் பொது, ஐம்பொன்னில் அது இன்னும் தெரிகிறது, பிறகு தங்கத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. நெய்யும் அப்படித்தான், எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. சொல் சுருங்குவது மொழிக்குப் பழக்கம். அதோடு புறநானூறு 56ஆம் பாட்டில் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று வருகிறதே. கடல் தாண்டி வந்தது, தண்ணென்று இருந்தது. வெளிநாட்டு மதுவுக்கு நக்கீரரே இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். அது திராட்சை மது, இது பார்லி, அந்த வேறுபாடு இருக்கிறது. ஆனால் அயல்நாட்டுப் பானத்துக்கு நம் சொல் பொருந்தாது என்ற தயக்கம் அன்றைக்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு, ‘தேற்றம்’ கணிதத்தில் நிலைத்துவிட்டது, குழப்பம் வரும் என்பது. சரி. அதனால்தான் ‘குளிர்த்தேற்றம்’ என்று முதலில் எழுதி வைத்திருந்ததை நானே அடித்துவிட்டேன். ‘தேற்றுதல்’ என்றாலும் ஆறுதல் சொல்வது குறுக்கே வரும். ‘தேறவைத்தல்’ என்று பிரித்து நின்றால் இந்த இடைஞ்சல் இல்லை. பரீட்சையில் தேறுவதும் காய்ச்சலில் படுத்த பிள்ளை தேறுவதும் இதே சொல்தான், ஆனால் யாரும் குழம்புவதில்லை.

அடுத்து வொர்ட், அதாவது பீராக நொதிக்கவிடுவதற்கு முந்தைய இனிப்பு நீர். இதற்கு மூன்று பேர் ‘ஊறல்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதை மட்டும் நான் அழுத்தமாக வேண்டாம் என்பேன். ஊறல் என்றால் நம் மக்களுக்கு மலைக்காட்டில் புதைத்த பிளாஸ்டிக் டிரம், அதைப் போலீஸ் கவிழ்த்துக் கொட்டும் செய்திப் படம். விஷச்சாராயத்தால் வீடுகள் சிதைந்ததைப் பார்த்த மாவட்டங்கள் இவை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் அழுகை இருக்கிறது. நுட்பமாகப் பார்த்தாலும் தவறு, ஊறல் நொதித்துக்கொண்டிருப்பது, வொர்ட் இன்னும் நொதிக்கத் தொடங்காதது. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை 65, 67 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணிநேரம் வைத்தால், முளையிலேயே இருக்கும் நொதிகள் மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும். அதை வடிகட்டினால் வருகிற இனிப்பான நீர்தான் வொர்ட். கேழ்வரகை ஈரத்துணியில் முளைகட்டிப் பால் எடுத்துப் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிற தாய்மாருக்கு இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ‘முளைச்சாறு’ போதும்.

‘காய்ச்சுதல்’ என்பதையும் விட்டுவிடலாம். சாராயம் காய்ச்சுவதில் ஆவியைக் குளிரவைத்து வடிக்கிறார்கள். பீரில் அது கிடையாது, முளைச்சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைப்பதோடு அடுப்பு வேலை முடிந்தது. (ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கட்டும், நம் மண்ணில் இல்லாத கொடி அது.) பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்று வருகிறது. வீட்டில் அட்ட, அதாவது சமைத்த, கள். ஹோம்புரூ என்பதை இதைவிட நேராக எப்படிச் சொல்வது? அதே பாட்டில் இன்னோர் இடத்தில் செய்முறையே இருக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, அடை கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, வெந்நீரில் விரலால் அலைத்துப் பிழிவது. பாட்டின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், எங்கள் தொண்டை நாட்டுக்காரன். கையேட்டுக்கு ‘இல்லடு பீர்’ என்றே தலைப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஈஸ்டுக்கு ஈழத்துப் பாடநூல்களில் ‘மதுவம்’ இருக்கிறது. அருமையான சொல், ஆனால் இங்கே பாடநூலிலும் மளிகைக்கடையிலும் ஈஸ்ட்தான். முதல் பக்கத்தில் மதுவம் என்று ஒருமுறை அறிமுகப்படுத்திவிட்டு ஈஸ்ட் என்றே தொடரலாம்.

ஒரே ஒரு இடத்தில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நொதிப்பு முடியும் தறுவாயில், குளிரில் இறக்குவதற்கு முன், இரண்டு நாள் 15, 18 டிகிரி அளவுக்குச் சூட்டை ஏற்றி வைக்கிறார்கள். நொதிக்கும்போது டையசெட்டைல் என்று ஒரு பொருள் உண்டாகிறது, வெண்ணெய் வாடை அடிக்கும். அந்த இரண்டு நாள் வெதுவெதுப்பில் ஈஸ்டே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவன் முதல் பனிக்காலத்தில் இது தெரியாமல் அவசரப்பட்டு நேராகக் குளிரில் இறக்கிவிட்டான். ஆறு வாரம் தேறவைத்து, பார்வைக்குப் பொன்போலத் தெளிந்து, மூடியைத் திறந்தால் வெண்ணெய் உருக்கும் வாடை. இருபது லிட்டரையும் கொட்டினான். அதனால் கையேட்டில் இந்தப் படி தவறவே கூடாது, சொல்லும் மனதில் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் இது டையசெட்டைல் ரெஸ்ட். ‘வெதுப்பு ஓய்வு’ என்று எழுதிப் பார்த்தேன், வெதுப்பகம் (பேக்கரி) குறுக்கே வந்து ரொட்டி ஆகிவிடுகிறது. தோசைமாவைப் பனிக்காலத்தில் அடுப்போரம் வைத்துப் புளிக்கவிடுவோமே, அதற்கு உங்கள் வீட்டில் தனியாக ஏதாவது சொல் உண்டா? குமரி, செங்கோட்டை, கூடலூர்ப் பக்கத்து நண்பர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். புரட்டாசி முடிவதற்குள் கையேட்டை அவனுக்கு அனுப்ப வேண்டும், நவம்பரில் நிலவறை குளிர்ந்துவிடும்.