அல்சூர் வீடு: ஞாயிறு காதுகுத்து

கார்த்தி: மாமா, சென்னைல வாங்குன பழைய நைட்ரோ கார் ஸ்டார்ட் ஆகுது. பிளக்கைச் சூடாக்குற க்ளோ ஹீட்டரை எடுத்ததும் ஆஃப். ஞாயிறு பசங்களுக்கு ஓட்டிக் காட்டணும்

விஜி சித்தி: ஆசாரியைக் கூட்டிட்டு வர கார் என்னாச்சு?

கார்த்தி: இது பொம்மை கார் சித்தி, மெத்தனால் எரிபொருள்ல ஓடுற ரிமோட் கார்

ராஜா பெரியப்பா: எவ்வளவு குடுத்தே

கார்த்தி: 🙈

முரளி மாமா: கார்புரேட்டர்ல எரிபொருள் அளவை மாத்துற ஊசி எதையும் தொடாதே. முதல்ல பிளக்கைக் கழட்டி ஹீட்டர்ல மாட்டு. சுருள் முழுசா ஆரஞ்சா எரியணும். அப்புறம் பிளக்கைப் போட்டு ஃப்ளைவீலைக் கையால சுத்து. பிஸ்டன் மேல வரும்போது இறுகணும். வழுவழுன்னு போனா சிலிண்டர் ஸ்லீவ் தேஞ்சாச்சு, எந்த ட்யூனிங்கும் காப்பாத்தாது

கார்த்தி: இறுகுது. சுருள்ல பாதிதான் எரியுது

முரளி மாமா: பிளக் போச்சு. மீடியம் பிளக் ரெண்டு வாங்கு. எரிபொருள் டியூப்பை வளைச்சுப் பாரு, கீறல் இருந்தா மாத்து. டேங்க் மூடி ரப்பர், சைலன்சர்லேருந்து டேங்குக்கு வர டியூப், கார்புரேட்டர் அடி ரப்பர் ஓ-ரிங், எல்லாம் பாரு. காத்து லீக் இருந்தா ஐட்லிங் தானா ஏறி இறங்கும், நீ ஊசியைத் திருகியே சாவே

ராஜா பெரியப்பா: கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பாரு

முரளி மாமா: அத்தான், கூடாது. பிளக் கம்பில ப்ளாட்டினம் இருக்கு. மெத்தனால் பட்டாதான் ஹீட்டர் இல்லாம கனன்றுகிட்டே இருக்கும். என் ஆர்எக்ஸ் 100 பைக்கைக் கேக்காம வித்தவருக்கு இது எங்க புரியும்

ராஜா பெரியப்பா: ஆரம்பிச்சுட்டான்

சுமதி அத்தை: இங்க வேண்டாம் ப்ளீஸ். தயிர் எத்தனை லிட்டர்?

முரளி மாமா: கார்த்தி, ஊசி சென்னைல செட் பண்ணது. இங்க பெங்களூர்ல 900 மீட்டர் உயரம், காத்து மெலிசு. அதே ஊசி இங்க ரிச், அதாவது எரிபொருள் அதிகம். வலப்பக்கம் திருகுனா லீன், எரிபொருள் குறையும். ஆனா ஒரு தடவைக்கு 1/8 சுத்துதான். ஆயில் எரிபொருளோடதான் வருது, ரொம்ப லீன் பண்ணா பிஸ்டன் காயும்

கார்த்தி: எந்த ஊசி முதல்ல?

முரளி மாமா: இன்ஜின் நல்லா சூடானதும் ஹை ஊசி, முழு வேகத்துக்கானது. ஃபுல் த்ராட்டில்ல புகைக்கோடு தெரிஞ்சுகிட்டே இருக்கணும். நிறுத்தி ஹெட்ல ஒரு சொட்டு தண்ணி விடு. 3-4 விநாடில கொதிச்சு வத்துனா சரி. தோசைக்கல்லுல துள்ளுற மாதிரி ஓடுனா ரொம்ப சூடு, 1/8 இடப்பக்கம். வெப்ப மீட்டர் இருந்தா 105-125 டிகிரி செல்சியஸ்

சுமதி அத்தை: தோசைன்னதும் ஞாபகம். காலை டிபன் யார் சொன்னது?

விஜி சித்தி: பெரியப்பா சொல்றேன்னாரே

ராஜா பெரியப்பா: நானா?

முரளி மாமா: அப்புறம் லோ ஊசி, மெதுவா ஓடும்போதுக்கானது. ஐட்லிங்ல கார்புரேட்டர் பக்கத்துல டியூப்பைக் கிள்ளு. 3 விநாடி ஓடி, சத்தம் லேசா ஏறி நிக்கணும். உடனே செத்தா லீன், 5 தாண்டுனா ரிச். ஐட்லிங் ஸ்க்ரூ கடைசில

விஜி சித்தி: மொட்டை மாடில வேண்டாம். பசங்க கிட்ட போவாங்க

முரளி மாமா: ஆமா, மெத்தனால் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாது. ஸ்கூல் கிரவுண்டுக்குப் போலாம்

ராஜா பெரியப்பா: ஞாயிறு அங்க கிரிக்கெட்

விஜி சித்தி: முரளி அண்ணா, குட்டி உன் மடிலதான் உக்காரணும். ஆயில் கையோட வந்துடாதே

கார்த்தி: மாமா, ஸ்டார்ட் பண்ற கயிறு இறுகிடுச்சு, இழுக்க வரல

முரளி மாமா: இழுக்காதே! சிலிண்டர்ல எரிபொருள் நிரம்பிருக்கு, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழட்டு, ஓட்டை மேல துணி போட்டு, காரைக் கவுத்து மெதுவா இழு. ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, பிளக் ஓட்டைல நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு சுத்து. மெத்தனால் ஈரம் இழுக்கும், பேரிங் துரு பிடிக்கும்

கார்த்தி: துணில ஒரே எண்ணெய் மாமா 😬

சுமதி அத்தை: எந்தத் துணி??

விஜி சித்தி: ஆசாரி 9 மணியா 10 மணியா, யாராவது சொல்லுங்க

ராஜா பெரியப்பா: தயிர் 5 லிட்டர் போதுமா