துக்க வீட்டுக்குக் கையால் அட்டை செய்தபோது: உங்கள் அனுபவம்

காகிதப்பூச்சி:
ஒரே துயரத்தில் ஆளை இழந்த பதினோரு வீட்டுக்குப் பதினோரு இரங்கல் அட்டை. பத்து முடிந்தாயிற்று. கடைசி அட்டையில் இறந்த குழந்தையின் பெயரை எழுதிப் பேனாவை மூடுவதற்குள் ஒரு சொட்டுக் கண்ணீர். நடு எழுத்து மட்டும் நீலமாக ஊதிப்போய், கொம்பு எது, சுழி எது என்று தெரியவில்லை.

ஊற்றுப்பேனா மை, ஸ்கெட்ச் பேனா மை இரண்டும் பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். நன்றாகக் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் ஓடும். இந்த வேலைக்கு பிக்மெண்ட் மை (நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை) உள்ள ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனாதான் சரி, பெயருக்கு 0.8 மி.மீ. முனை, மற்றதுக்கு 0.5. அது கிடைக்காவிட்டால் சாதாரண பால்பாயிண்ட் போதும். அதன் மை எண்ணெய்ப்பசை உள்ளது, தண்ணீருக்கு லேசில் அசையாது. ஜெல் பேனாவை நம்பாதீர்கள். சிலது ஓடும், சிலது ஓடாது. எதுவானாலும் அதே அட்டையின் வெட்டுத் துண்டில் எழுதி, ஐந்து நிமிடம் விட்டு, ஈர விரலால் ஒரு தேய். அப்போதே தெரிந்துவிடும்.

ஊறிய எழுத்தை பிளேடால் சுரண்டவே கூடாது. மேல் நார் பிய்ந்து பஞ்சாகிவிடும். அதன்மேல் எழுதினால் முதலில் விழுந்ததைவிடப் பெரிய கறை.

மைக்கூடு:
அந்தச் சொட்டை அப்படியே விட்டிருக்கலாம். அழுதுகொண்டே செய்தது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன தப்பு?

கத்தரிக்கோல்:
மைக்கூடு சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. கறை வேறு எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, பெயர் மேல் கூடாது. பல வருடம் கழித்துப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

அட்டையில் நேரே எழுதியதுதான் கோளாறு. உள்தாள், அதாவது எழுதி உள்ளே ஒட்டும் தனித்தாள், வைத்திருந்தால் அரை நிமிட வேலை. ஏ6 அட்டை என்றால் விரித்த அளவு 210 x 148 மி.மீ. உள்தாளை 204 x 142-ஆக வெட்டி நடுவில் மடித்தால் நாலு பக்கமும் 3 மி.மீ. ஓரம் நிற்கும். தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) போதும். முழுக்க ஒட்டாதீர்கள். ஒரு பாதியின் முதுகில், மடிப்பை ஒட்டி, 5 மி.மீ. அகலத்துக்கு மட்டும் குளூ ஸ்டிக். வெள்ளைப் பசை தடவினால் தாள் ஈரம் குடித்து அலை அலையாக நெளியும். எழுதி, சரிபார்த்து, கடைசியில் ஒட்டுங்கள். பெயரில் ஒரு ளகர லகரம் தவறினாலும் தாளை மட்டும் மாற்றினால் போதும். பெயரின் எழுத்தை அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரிடம் கேட்டு முதலிலேயே தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். காதில் விழுந்ததை வைத்து எழுதக் கூடாது.

நார்ஓட்டம்:
எனக்கு உறுத்துவது கறுப்பு அட்டை. மேலே பூ, எழுத்து எல்லாம் அழகு. மடித்ததும் முதுகு நெடுக வெள்ளைக் கீறல், எலும்பு தெரிகிற மாதிரி. அதை மார்க்கரால் பூசி மறைக்கப் போக, பிடித்தவர் விரலெல்லாம் கறுப்பு.

இரண்டு காரணம். ஒன்று, அந்த அட்டைக்கு மேல்பூச்சு மட்டும்தான் கறுப்பு, உள்ளே வெள்ளை. வாங்குமுன் ஓரத்தை லேசாகக் கிழித்துப் பாருங்கள், உள்ளும் கறுப்பாக இருக்க வேண்டும். இரண்டு, நார் ஓட்டம், அதாவது தாளுக்குள் நார்கள் படுத்திருக்கும் திசை. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுந்து வெடிக்கும். குறுக்கே வெட்டி இரண்டு ஏ5 ஆக்கி, ஒவ்வொன்றையும் ஏ6-ஆக மடித்தால் மடிப்பு நாரோடு போகும். பதினோரு அட்டைக்கு ஆறு தாள். சந்தேகம் இருந்தால் இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் மடிக்கும் திசை.

மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்டால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்த வேண்டும். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம், மேடு உள்பக்கம். நிறையப் பேர் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள், அது தப்பு. 220 முதல் 250 ஜிஎஸ்எம் அட்டை போதும், 300-க்கு மேல் போனால் மூடி நிற்க அடம்பிடிக்கும்.

இன்னொன்று: செய்தி வந்த அன்றே கட்டர் கத்தியைக் கையில் எடுக்காதீர்கள். கை நடுங்கும், அதைவிட, கவனம் ஸ்கேலில் இருக்காது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரும்பு ஸ்கேல், புது பிளேடு, ஒரே அழுத்தாக இல்லாமல் மூன்று நாலு லேசான இழுப்பு. பிளேடு மழுங்கியிருந்தால்தான் அழுத்தத் தோன்றும், அழுத்தினால்தான் வழுக்கும்.

ஓரஇருக்கை:
நாற்பது பேர் சேர்ந்து எழுதிய பெரிய அட்டை. பன்னிரண்டாவது ஆள் பழக்கதோஷத்தில் ‘வாழ்த்துகளுடன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நிரந்தர மார்க்கர். சுற்றியிருந்த யாரும் பேசவில்லை. அதன்மேல் ஒரு காகிதப் பூ ஒட்டினார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் தெரிந்தது.

கேட்காமலே சொல்கிறேன். கூட்டு அட்டை என்றால் ஆளுக்கொரு துண்டுத்தாள், 90 x 15 மி.மீ. எழுதி வாங்கி, படித்துப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள். பெரிய எழுத்துக்காரர் மூன்று பேர் இடத்தைப் பிடிப்பதும் நிற்கும். ஒட்ட இரட்டைப் பக்க டேப், 6 மி.மீ. அகலம்.

வாசகத்துக்கு வருகிறேன். ‘காலம் ஆற்றும்’, ‘எல்லாம் நன்மைக்கே’, ‘இனி நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும்’, மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் இழப்பைச் சின்னதாக்கும், மூன்றாவது சுமையேற்றும். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்பதும் வீண், அவர்களால் யோசித்துக் கேட்க முடியாது. இறந்தவரின் பெயர், அவரைப் பற்றி நடந்தது ஒன்று, முடிந்தால் நாள் குறித்த ஒரு உதவி: ‘வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு கொண்டுவருகிறோம்.’ நாலைந்து வரி போதும். எப்படி இறந்தார் என்று எழுத வேண்டாம். பதினோரு வீட்டுக்கும் ஒரே வாசகம் போகவே கூடாது. இப்படிப்பட்ட நேரத்தில் அந்தக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

மைக்கூடு:
ஓரஇருக்கை, காகிதப் பூவே பரவாயில்லை. நிஜப் பூவை நாலு நாள் மட்டும் அழுத்திவிட்டு ஒட்டியதைப் பார்த்திருந்தால் தெரியும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் கோத்து, நடுக்காம்பில் சாம்பல் பூஞ்சை. தடித்த நடுப்பகுதி உள்ள பூ வேண்டாம், இதழைப் பிரித்து அழுத்துங்கள். உறிஞ்சுதாள் நடுவில், கனமான புத்தகத்தின் அடியில், இரண்டு மூன்று வாரம். அவசரமென்றால் இலை, அது மெலிது. மினுக்குத்தூள் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. உறையைப் பிரித்ததும் மடியில் கொட்டும்.

காகிதப்பூச்சி:
பெயர் மேல் கறை விஷயத்தில் கத்தரிக்கோல் பக்கம்தான் நான். உறை பற்றி யாரும் சொல்லவில்லையே: ஏ6 அட்டைக்கு சி6 உறை, 114 x 162 மி.மீ. மேலே ஏதாவது ஒட்டித் தடிப்பு 3 மி.மீ. தாண்டினால் ஓரம் பிதுங்கும், அதற்கு ஒரு அளவு பெரிய உறை. மூடியை நாக்கால் நனைத்து உடனே ஒட்டாதீர்கள், உள்ளே மை இன்னும் காய்ந்திருக்காது. ஒரு இரவு திறந்தே வைத்துவிட்டு, காலையில் மூடிக்கொள்ளலாம்.