லீவுக்கு ஊருக்கு வந்து ஓடுனப்ப யாராரு என்னென்ன கேட்டாங்க? வெளிநாட்டுல இருந்துட்டு ஓட்டம் பழகறவங்க சொல்லுங்க

வாய்க்கா மேட்டான்:
நானு சிங்கப்பூருங்க, சொந்த ஊரு கோபிக்குப் பக்கம். ஹாஃப் மாரத்தான, அதாவது 21.1 கிலோமீட்டர, 2 மணி நேரத்துக்குள்ள முடிக்கோணும், கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 செகண்டு, அதுக்குத்தான் இத்தனை பாடும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல வெடியால அஞ்சரைக்கு எறங்குனாலே 26 டிகிரி, காத்துல ஈரம் 90 பர்சென்ட்டுக்கு மேல, வேர்வை காயவே காயாது, சட்டையப் புழிஞ்சா ஊத்தும். ஒடம்பு சூடு தணியறதுக்கு ரத்தம் நெறய தோலுக்குப் போயிருமுங்க, காலுக்கு மிச்சம் கம்மி, அதனால வேகத்த ஏத்தாமயே நெஞ்சுத்துடிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகும்.

இந்த மார்கழிக்கு ஊருக்கு வந்தனுங்க. கீழ்பவானி வாய்க்கா மேடு, மண்ணுத்தடம், ஏத்தம் எறக்கம் கெடயாது, ஓடறதுக்கு அத விட நல்ல எடம் நான் எங்கயும் பாத்ததில்ல. ஓடிட்டு இருக்கறப்ப பின்னாடி டிவிஎஸ் எக்ஸெல் சத்தம். பால் கேன் கட்டுன ஒரு அப்பாரு பக்கத்துலயே ஓட்டிட்டு வர்றாரு.

"ஏந் தம்பி, யாராச்சும் தொரத்தறாங்களா?"
"இல்லீங்க அப்பாரு, சும்மா ஓடறனுங்க."
"சும்மாவா! சக்கரை கிக்கரை வந்திருச்சா, இந்த வயசுலயே?"
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."
"எந்தத் தோட்டத்துப் பையன் நீயி?"

அப்பறம் எங்கப்பாரு பேரு, பங்காளி யாரு, சிங்கப்பூர்ல என்ன சம்பளம், பொண்ணு பாக்கறாங்களா, எல்லா நாயமும் ஆச்சு, பொசுக்குனு இட்டேரிக்குள்ள திருப்பிட்டுப் போயிட்டாரு. வாட்ச்சப் பாத்தா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கறேன், 6:45 வேகம், மூச்சு வாங்கவே இல்ல. கோச்சுங்க காசு வாங்கிட்டுச் சொல்றதும் இதத்தானுங்க, ஈஸி ரன்னுன்னா பேசிக்கிட்டே ஓடற வேகம். நம்மூர்ல வர்றவன் போறவன் எல்லாம் கேள்வி கேட்டே அத செக் பண்ணிருவாங்க. அங்க சிங்கப்பூர்ல ஒருத்தனும் ஒரு வார்த்தை பேச மாட்டான், காதுல ஹெட்போன், கண்ணு வாட்ச்சுல, பக்கத்துல ஒருத்தன் தாண்டிட்டான்னா நம்ம பசங்க உடனே வெரட்டுவாங்க, இப்படியே தெனமும் பாதி ரேஸ் ஓடிட்டு, மெய்யாலுமே வேகமா ஓட வேண்டிய நாள்ல கால் எழவே எழாது. வாரத்துல ஒரு நாள் இன்டர்வெல், அதாவது விட்டு விட்டு வேகமா ஓடறது, ஒரு நாள் லாங் ரன், அதாவது நெடுந்தூர ஓட்டம், மத்த நாளெல்லாம் நாயம் பேசற வேகம், அவ்வளவுதானுங்க சூட்சுமம்.

இன்டர்வெல்ல வாய்க்கா பாலத்துக்குப் பாலம் ஓடுனேன். ஒரு பாலம் வேகமா, அப்பறம் மூச்சு தணியற வரைக்கும் நடை. அதப் பாத்துட்டு யாரோ எங்கம்மாகிட்ட "உம்பையன் ஓடறான், நிக்கறான், மறுக்காவும் ஓடறான், ஒரு எட்டு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு"ன்னு சொல்லிட்டாங்க.

ஈரோட்டு அம்மிணி:
ஆஸ்பத்திரி 😂 எனக்கு வேற மாதிரிங்ணா. நான் மெல்போர்ன். பெருந்துறை ரோட்டுல ஓடறப்ப ஸ்கூட்டில போற அக்கா ஒருத்தங்க பிரேக் போட்டு "ஏனுங் கண்ணு, பஸ்ஸ விட்டுட்டியா, ஏறிக்க"ங்கறாங்க. இல்லீங்கக்கா ஓடறேன்னு சொன்னாலும் நம்பல, "வெக்கப்படாத, ஏறு"ன்னு அடம். அடுத்த நாளும் அதே அக்கா, அதே எடம், இந்தத் தடவ ஏறச் சொல்லல, "மெதுவாப் போ சாமி, லாரி வரும்"னு மட்டும் சொன்னாங்க. பொம்பளப் புள்ளைக ஓடறதப் பாத்து மொறைக்கறதும் இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா இந்த அக்கா மாதிரி ஆளுகளும் இருக்கறாங்க.

மெல்போர்ன்ல பொட்டானிக்கல் கார்டனச் சுத்தி "டான்"னு ஒரு தடம், ஒரு ரவுண்டு 3.8 கிலோமீட்டர் சொச்சம், அதுல ஆண்டர்சன் ஸ்ட்ரீட் ஏத்தம் வந்தா உசுரு போயிரும். அதுக்குப் பழகலாம்னு லீவுல சென்னிமலை போனேன். 1320 படி. ஓடி ஏறிட்டு இருக்கறேன், ஒரு ஆத்தா உக்காந்த எடத்துல இருந்தே, "ஏ அம்மிணி, முருகன் எங்கயும் ஓடிப் போயிர மாட்டான், நீ மெல்லப் போ"ன்னுச்சு. படி ஏறுனா தொடையும் கெண்டைக்காலும் நல்லா பலமாவுதுங்க, எறங்கறப்ப மட்டும் ஓடாதீங்க, முட்டி போயிரும்.

சாப்பாட்டுக்கு ஒண்ணு சொல்லோணும். லாங் ரன்னுக்கு மொத நாள் ராத்திரி ஒறம்பரை ஊட்டுக் கறிச்சோறு வேண்டவே வேண்டாம், எங்கம்மா வெக்கற அரிசிம்பருப்புச் சோறு போதும், வயிறு கம்முனு இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓடுனா மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகோணும்பாங்க. அங்க ஓடறப்ப உறிஞ்சறதுக்கு மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டு வாங்கி வாங்கிக் காசு கரியாவுது, இங்க நடுத்தர வாழப்பழம் ஒண்ணுலயே 25 கிராமுக்கு மேல இருக்குது.

பல்லடத்துப் பங்காளி:
துபாய்ங்க. நீங்கெல்லாம் புண்ணியவானுக. எங்களுக்கு ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரைல இருந்து மூணு வரைக்கும் வெயில்ல வேலை செய்யக்கூடாதுன்னு அரசாங்கமே தடை போட்டிருக்குது, அந்த வெயில்ல எங்க போயி ஓடறது. டிரெட்மில்லுதான், 1 பர்சென்ட் ஏத்தம் வெச்சு, செவுத்தப் பாத்துக்கிட்டே. ராத்திரி வெளிய போனாலும் 30க்குக் கொறயாது. ஆனா சூட்டுல ரெண்டு வாரம் பொறுமையா ஓடுனா ஒடம்பு பழகிக்கும், சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், ரத்தத்துல தண்ணிச் சத்தும் கூடும். அந்தப் பழக்கத்தோட குளுந்த ஊர்ல போயி ஓடிப் பாருங்க, கால் பறக்கும். நல்ல டைம் வேணும்னா டிசம்பர்ல கோயமுத்தூர் மாரத்தான் ஓடுங்க, சிங்கப்பூர் புழுக்கத்துல முக்கிக்கிட்டு இருக்காதீங்க, இது என்னோட அபிப்ராயம்.

ஆனா ஆடில வராதீங்க. நான் வந்து மாட்டுனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நேரா மூஞ்சிக்கு. உடுமலை ரோட்டுல மேக்க பாத்துப் போனா நடக்கறவன் தாண்டிப் போயிருவான், திரும்புனா எவனோ முதுகுல கை வெச்சுத் தள்ளற மாதிரி இருக்கும். கரண்டு எடுக்கற காத்தாடிக்குக் காவலிருக்கற அண்ணன் ஒருத்தரு தண்ணி குடுத்துட்டு, "காத்துக்குக் காசு வருது சரி, உனக்கு இதுல என்ன வருது"ன்னாரு. பதில் சொல்லத் தெரியலீங்க.

காங்கயத்தான்:
எல்லாம் சரி, நாய்க்கு என்ன பண்றீங்க? போன தடவ தோட்டத்து நாய் ரெண்டு தொரத்தி, என் வாழ்க்கையிலயே வேகமான 400 மீட்டர் அதுதான்.

வாய்க்கா மேட்டான்:
ஓடாதீங்க, நின்னுருங்க. ஓடுனாத்தான் தொரத்தும். நின்னு, குனிஞ்சு கல்லெடுக்கற மாதிரி காட்டுங்க, பாதி போயிரும். மிச்சத்துக்கு அந்தத் தோட்டத்துக்காரர் பேரச் சொல்லிச் சத்தம் போடுங்க, அவரு வெளிய வருவாரு.

ஈரோட்டு அம்மிணி:
வந்து "எந்த ஊட்டுப் பையன்"னு ஆரம்பிப்பாரு.

காங்கயத்தான்:
அப்ப அன்னைக்கு ஈஸி ரன்னுன்னு எழுதிக்கறேன்.