ஏலம் கூறப் பழகோணும், தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க

வணக்கம் உறவுகளே. நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். எங்கட கோயில் திருவிழா முடிய, நேர்த்திக்கு வந்த தேங்காய், வாழைக்குலை, பூசணிக்காயெல்லாம் ஏலத்தில போகும். இவ்வளவு காலமும் கூறின பெரியப்பாவுக்கு இப்ப மூச்சு வாங்குது. இந்தமுறை என்னைக் கூறச் சொல்லிட்டாங்க.

அவர் கூறினா இடைவெளியே இருக்காது. "ஐந்நூறு ஐந்நூறு, ஆர் அறுநூறு, அறுநூறுக்கு ஆர்" எண்டு, கேட்ட விலையும் அடுத்த விலையும் மாறி மாறி வரும். நான் "ஒருதரம்" எண்டதும் தடக்கி நிண்டிடுறன். சனமும் கதைக்கத் தொடங்கிடும்.

அமெரிக்க மாட்டு ஏலக்காரரும் இப்பிடித்தான், ரெண்டு விலைக்கும் நடுவில நிரப்புச் சொல் போட்டு ராகமா ஓட்டுவாங்க. 1963இல இருந்து அதுக்கு உலகப் போட்டியே நடக்குது. நம்மட "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்" மாதிரி நாக்குப் புரளுற வசனம் சொல்லிப் பழகுவாங்க. ஆனா அந்த வேகம் எனக்கு வேண்டாம். விளங்காட்டி நம்மட அம்மம்மாக்கள் விலை கேட்க மாட்டாங்க, அவங்கதான் ஆசையா வாங்குறவங்க.

வாழைச்சேனைத் துறைமுகத்தில, கல்முனைக் கடற்கரையில மீன் கூறுறவங்க இருந்தா சொல்லுங்க: மூச்சை எந்த இடத்தில எடுக்கிறீங்க? இடையில என்ன சொல் போடுறீங்க? குரல்பதிவு இருந்தா தயவுசெய்து போடுங்க. திருவிழா முடிய இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு.