புதுப்பிப்பு: காப்பித் தோட்டத்தில் இளையவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகு

ஏற்காட்டில் நான் நிர்வகிக்கும் அராபிகா காப்பித் தோட்டத்தில், செடியின் தண்டைக் குடைந்து அழிக்கும் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் கண்காணிப்பை இரண்டு இளைய மேற்பார்வையாளர்களிடம் முழுமையாக ஒப்படைக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். அதன் பின் நடந்தவற்றைப் பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிப்பட்டு, நிழல் குறைந்த செடிகளின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். உள்ளே புழு இருப்பதற்கு அடையாளமாகத் தண்டில் வளையமாகப் புடைப்பு தெரிந்த செடியை, வண்டு பறக்கும் காலத்துக்கு முன்பே பிடுங்கி எரித்துவிட வேண்டும். காய்த்து நிற்கும் செடியைப் பிடுங்கச் சொல்ல இளையவருக்கு எளிதில் மனம் வராது என்பதால், முடிவை மூத்தவரிடம் தள்ளிவிடவே விரும்புவார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்று வரும்போதெல்லாம், "நீ என்ன பார்த்தே, அதை முதல்ல சொல்லு தம்பி" என்று மட்டும் கேட்டேன். விடை தெரிந்திருந்தும் பேசாமல் காத்திருப்பதுதான் வழிகாட்டுவதில் மிகக் கடினமான பகுதி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அவர்களில் ஒருவர், பல்லாண்டுகளாகப் பழம் பறித்துவரும் அக்காமார்களிடம் கேட்டறிந்த பிறகே செடிகளுக்கு அடையாளமிடுகிறார். நான் சொல்லிக்கொடுக்காத இந்தப் பழக்கம் எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. மற்றவர் இன்னும் தயங்குகிறார், அவரை அவசரப்படுத்த மாட்டேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் நிழல் தரும் கிளைகளைக் கழிக்கும் பொறுப்பை அடுத்து முதலாமவருக்குக் கொடுக்கவிருக்கிறேன்.