இதழ்ப் பெயரை முழுதாக எழுதுவதா, சுருக்குவதா? குடும்பக் குழுவில் ஒரு மாலை

கடையம் பாப்பா: சித்தப்பா, வணக்கம். முண்டந்துறைப் பக்கத்து மூலிகைகளைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரையை, மேற்கோள் பட்டியலில் இதழ்ப் பெயர்கள் ஒரே சீராக இல்லை என்று சொல்லி ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் ஜோட்டெரோ மென்பொருளில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒரே இதழ் ஓரிடத்தில் ‘ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி’ என்று முழுதாகவும், இன்னோரிடத்தில் ‘ஜே. எத்னோஃபார்மகால்.’ என்று புள்ளியோடும், மற்றோரிடத்தில் புள்ளியே இல்லாமலும் வருகிறது. வேர்டில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்திவிடட்டுமா?

பாளை சித்தப்பா: வேர்டில் கை வைக்காதே அம்மா. நீ அடுத்த மேற்கோளைச் சேர்த்த உடனே ஜோட்டெரோ பட்டியலை மறுபடியும் எழுதும். அப்போது உன் திருத்தம் எல்லாம் அழிந்து, பழையபடியே வந்து நிற்கும். திருத்த வேண்டிய இடம் ஜோட்டெரோவில் உள்ள பதிவுதான்.

பாளை சித்தப்பா: ஏதாவது ஒரு கட்டுரையின் பதிவைத் திறந்து வலப்பக்கம் பார். ‘பப்ளிகேஷன்’ என்று ஒரு கட்டமும், ‘ஜர்னல் அப்ரிவியேஷன்’ என்று வேறொரு கட்டமும் இருக்கும். முதலாவதில் முழுப்பெயர் மட்டும், இரண்டாவதில் சுருக்கம் மட்டும் இருக்க வேண்டும். எதை அச்சிடுவது என்பதை நீ தேர்ந்தெடுக்கும் ஸ்டைல், அதாவது மேற்கோள் எழுதும் முறை, முடிவு செய்துகொள்ளும்: ஏ.பி.ஏ. என்ற முறை முழுப்பெயரைக் கேட்கும், வான்கூவர் என்ற முறை சுருக்கத்தைக் கேட்கும். சுருக்கம் கேட்கும் ஸ்டைலில், சுருக்கக் கட்டம் காலியாக உள்ள பதிவுக்கு மட்டும் முழுப்பெயரே வந்துவிடும். உன் பட்டியல் கலவையாக இருப்பதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கடையம் பாப்பா: ஆமாம் சித்தப்பா, பாதிப் பதிவுகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. சிலவற்றில் முழுப்பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே சுருக்கம் உட்கார்ந்திருக்கிறது.

பாளை சித்தப்பா: ஒவ்வொரு தரவுத்தளமும் தன் வழக்கப்படிதான் பெயரைக் கொடுக்கும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் சுருக்கம் புள்ளியில்லாமல் இருக்கும். வேறு சில தளங்கள் பெயர் முழுவதையும் பெரிய எழுத்திலேயே கொட்டிவிடும். நான்கு இடத்திலிருந்து இறக்கினால் நான்கு விதமாகத்தான் வந்து சேரும்.

டவுண் மாமா: அத்தான், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். பெயரை எதற்காகச் சுருக்க வேண்டும்? முழுதாகவே எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லையே.

பாளை சித்தப்பா: நியாயமான கேள்விதான் மாப்பிள்ளை. என்னைக் கேட்டால் நானும் முழுப்பெயரையே விரும்புவேன். நாம் பேச்சில் அம்பை, பாளை என்றாலும் மணியார்டர் படிவத்தில் அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை என்றுதானே எழுதுவோம்? ஆனால் அச்சில் இடத்தை மிச்சப்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. அதை ஆளுக்கொரு விதமாகச் செய்யக் கூடாது என்பதற்காகவே ஐ.எஸ்.ஓ. 4 என்ற பன்னாட்டுத் தர விதி இருக்கிறது. எந்தச் சொல்லை எப்படிச் சுருக்குவது என்ற பட்டியலைப் பாரிஸில் உள்ள, இதழ்களின் அடையாள எண்ணைக் கவனிக்கும் ஐ.எஸ்.எஸ்.என். பன்னாட்டு மையம் பராமரித்து வருகிறது. ‘ஆஃப்’, ‘தி’ போன்றவை விழுந்துவிடும். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ போல ஒரே சொல்லாக உள்ள பெயரைச் சுருக்குவதில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இரண்டு சொல் என்பதால் ‘கர். சை.’ ஆகிவிடும்.

கடையம் பாப்பா: அப்படியானால் ‘ஜர்னல் ஆஃப் தி பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி’?

பாளை சித்தப்பா: ‘ஜே. பாம்பே நேட். ஹிஸ்ட். சொக்.’ ஊர்ப்பெயர் அப்படியே நிற்கும், மற்றவை சுருங்கும். சுருக்கக் கட்டத்தில் எப்போதும் புள்ளியோடுதான் எழுதி வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. புள்ளி வேண்டாம் என்கிற ஸ்டைல் அதைத் தானே நீக்கிக்கொள்ளும். ஆனால் புள்ளியே இல்லாமல் வைத்திருந்தால் எந்த ஸ்டைலாலும் அதைச் சேர்க்க முடியாது.

அம்பை மதினி: பாளை சின்ன மாமா சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன் பாப்பா. வேர்டில் ஜோட்டெரோ தாவலில் ‘டாக்குமென்ட் ப்ரிஃபரென்ஸஸ்’ திறந்து பார். சுருக்கம் கேட்கும் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்திருந்தால், இதழ்ப் பெயரைத் தானாகச் சுருக்குவதற்கு ஒரு டிக் கட்டம் அங்கே தெரியும். அதை டிக் செய்துவிட்டால், நீ சுருக்கக் கட்டத்தில் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் ஜோட்டெரோ அதைப் பார்க்காது. மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் பட்டியலைக் கொண்டு தானே சுருக்கிவிடும். மருத்துவ இதழ்கள் மட்டும் என்றால் அது வசதிதான். உன் பட்டியலில் தாவரவியலும் காட்டுயிரும் கலந்திருப்பதால், டிக்கை எடுத்துவிட்டு நீயே நிரப்புவதுதான் நம்பகமானது.

அம்பை மதினி: நான் ஜோட்டெரோ போன்ற இன்னொரு மென்பொருளான எண்ட்நோட்டில் வேலை செய்கிறேன். அங்கே இதழ்களுக்கென்று தனிப் பட்டியலே உண்டு. ஒவ்வொரு இதழுக்கும் முழுப்பெயரையும், பக்கத்திலேயே சுருக்க வடிவங்களையும் ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், எந்த வடிவம் வேண்டும் என்பதை அவுட்புட் ஸ்டைலில் தேர்ந்தெடுத்தால் போதும். ஜோட்டெரோவில் அந்த வசதி இல்லாததால் பதிவு பதிவாகத்தான் பார்க்க வேண்டும்.

கடையம் பாப்பா: நூற்றுக்கு மேல் இருக்கிறது மதினி. எங்கிருந்து தொடங்குவது?

பாளை சித்தப்பா: நடுவில் உள்ள பட்டியலில் ‘பப்ளிகேஷன்’ நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கு, ஒரே இதழின் பதிவுகள் பெரும்பாலும் அடுத்தடுத்து வந்துவிடும். ஒன்றைச் சரியாக எழுதிவிட்டால், மற்றவற்றில் முதல் சில எழுத்துகளை அடிக்கும்போதே ஜோட்டெரோ அதே பெயரை எடுத்துக் கொடுக்கும். முடித்த பிறகு வேர்டில் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் தெரியாது.

கடையம் பாப்பா: எத்னோஃபார்மகாலஜிப் பதிவுகளை இப்போது சரிசெய்து பார்த்தேன் சித்தப்பா, எல்லாம் ஒரே மாதிரி வந்துவிட்டன. ஆனால் ஒரு கருத்தரங்கக் கட்டுரை மட்டும் முழுப்பெயரோடு நிற்கிறது, அதில் சுருக்கக் கட்டத்தையே காணோம்.

அம்பை மதினி: கருத்தரங்கக் கட்டுரை என்ற வகைக்கு ஜோட்டெரோவில் அந்தக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்துக்காக வகையை மாற்றி ஆய்விதழ்க் கட்டுரை என்று பதிந்துவிடாதே. பட்டியலின் வடிவமே தப்பாகிவிடும். நீ கட்டுரை அனுப்பிய இதழ் கட்டுரையாளர்களுக்குத் தரும் குறிப்பில் கருத்தரங்கத் தொகுதியை எப்படிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கத்தை இங்கே அனுப்பு.